திரும்பிப் போகாத வீடு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'விசுவாசமும் ஏழையர் பணியும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் சாமியார் அல்ல. அரிசி ஆலைகளுக்கு இயந்திரம் நிறுவிக் கொடுக்கும் இன்ஜினியர். இந்தத் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு, பிறகு பொறியியல் படிக்கப் போனவன். (அப்துல் கலாம் அவர்கள் போன வழியும் இதுதான் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். யாரும் மதிக்கவில்லை.) ஆகவே பிரசங்கம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் படித்த காலத்தில் 'ஷெப்பர்டு' விரிவாக்கப் பணிக்காகக் கிராமத்துக்குப் போனால்தான் பட்டம். எங்கள் குழுவுக்கு மண்ணச்சநல்லூர்ப் பக்கம் கிடைத்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, காவிரி தாண்டி, கொள்ளிடம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட் வழியாகப் போவோம். ஊர் வருவதற்கு முன்பே நெல் அவிக்கும் வாசனை வந்துவிடும். மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசியை நாம் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறோம். அதை அவித்துக் காயப்போடுகிறவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை. ஆலைக்குள்ளேயே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். விடியும் முன்பே தொட்டியில் ஊறிய நெல்லை அவிக்க வேண்டும். வெயில் ஏறியதும் களத்தில் பரப்பிக் காலாலேயே கிண்டி விட வேண்டும். மேகம் கறுத்தால் பிள்ளைகள் உட்பட எல்லோரும் ஓடி வந்து நெல்லைக் குவித்து மூட வேண்டும்.

நான் கையில் படிவத்தோடு ஒரு அம்மாவிடம் போய் நின்றேன். மாத வருமானம் எவ்வளவு, கழிப்பறை உண்டா, கடன் உண்டா என்று வரிசையாகக் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "தம்பி, இதுக்கு முன்னாடியும் யார் யாரோ வந்து இதே கேள்வியத்தான் கேட்டாங்க. எழுதிட்டுப் போனவங்க ஒருத்தரும் திரும்பி வரலே. நீங்களாச்சும் வருவீங்களா?" என்றார். "கட்டாயம் வருவேன்மா" என்றேன். எனக்கு வருகைப் பதிவு கிடைத்தது. நான் திரும்பிப் போகவில்லை. துறையைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வழி காட்டினார்கள், நடக்காதவன் நான்.

பல வருஷம் கழித்து அதே ஊருக்கு, அதே தெருவுக்குப் போனேன். ஊழியத்துக்காக அல்ல, நெல் உலர்த்தும் டிரையர் நிறுவுவதற்காக. டிரையர் வந்தால் வெயிலும் வேண்டாம், களமும் வேண்டாம். மழைக்குப் பயமில்லை, அரிசியும் உடையாது. நல்ல இயந்திரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் களம் வேண்டாம் என்றால் களத்தில் நின்றவர்கள்? அந்த அம்மா இருந்த ஆலையைத் தேடிப் போனேன். பூட்டிக் கிடந்தது. குடும்பங்கள் எங்கே போயின என்று பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் பங்கில் புனித வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தேன். மாணவத் தம்பிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தச் சபையைத் தொடங்கியவர் சாமியார் அல்ல, உங்கள் வயதுக்காரர். பிரெடெரிக் ஓசானாம், பாரிஸ் நகரில் சட்டம் படித்த மாணவர். விவாதக் கூட்டங்களில் கிறிஸ்தவத்தின் பெருமையை அழகாகப் பேசுவார். எதிரணி மாணவர் ஒருவர், அதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மடக்கினாராம். பதில் இல்லை. 1833 ஏப்ரலில் சில மாணவர்கள் சேர்ந்து சபையைத் தொடங்கியபோது ஓசானாமுக்கு வயது 20. ரோசாலி ரெண்டு என்ற கன்னியர் ஏழைகளின் வீடுகளுக்கு அவர்களை அனுப்பி, எப்படிப் பழக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். பின்னாளில் அவர் சோர்போன் பேராசிரியர் ஆனார். 1853-ல், 40 வயதில் இறந்தார். 1997-ல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். சபையின் வழக்கம் எளியது: பணம் அனுப்பினால் போதாது, வீட்டுக்கே போக வேண்டும். இரண்டு பேராகப் போக வேண்டும். திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

நானும் பொன்மலை ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் மண்ணச்சநல்லூரில் ஒரு குடும்பத்துக்குப் போகிறோம். களத்து வேலை போய், அந்த அம்மா இப்போது மூட்டை தைக்கிறார். முதல் நாளே கேட்டுவிட்டார்: "எங்களச் சாமி மாறச் சொல்லுவீங்களா?" பெரியவர் சிரித்துக்கொண்டே, "இல்ல தாயி, டீ குடிக்க வந்தோம்" என்றார். நான் அரிசி, பருப்பு, ஒரு சோலார் விளக்கு எல்லாம் திட்டம் போட்டு வைத்திருந்தேன். அவர்களுக்கு வேண்டியது வேறு. பெரிய பெண் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியிருந்தாள். சனிக்கிழமை தோறும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். துணைத் தேர்வில் 41 மார்க். நான் பி.எஸ்சி.யில் வாங்கிய மார்க்கெல்லாம் எனக்கு மறந்துவிட்டது, இது மறக்காது.

போன தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, உபவாசம் என்று சொல்லி டீ வேண்டாம் என்றேன். அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. "சமயபுரத்தாளும் இப்ப பச்சைப் பட்டினிதான் தம்பி. 28 நாளு, எங்களுக்காக" என்றார். பக்தர்களுக்காகத் தெய்வமே பட்டினி கிடக்கிறது என்ற நம்பிக்கை! எனக்காகச் சிலுவையில் தாகமாயிருந்தவரை நான் அந்த வாசற்படியில் நினைத்துக்கொண்டேன். ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. நம் கல்லூரி 1844-ல் நாகையில் பிறந்து 1883-ல் திருச்சிக்கு வந்த பெருமையை விழா மலர்களில் நிறையப் படித்திருக்கிறோம். 1973 ஜூலை 31-ல் ஸ்பெயின் நாட்டு வாலென்சியாவில் இதே போல ஒரு முன்னாள் மாணவர் மாநாடு. இயேசு சபைத் தலைவர் தந்தை பேத்ரோ அருப்பே பேசினார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அன்று நவசந்நியாசிகள் இல்லத்தையே ஆஸ்பத்திரியாக்கி, காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். உங்களை நீதிக்காகப் பயிற்றுவித்தோமா என்று கேட்டு, இல்லை என்று தாமே மனத்தாழ்மையோடு ஒப்புக்கொண்டார். கேட்டவர்களில் பலருக்குக் கோபம். வாழ்த்துக் கேட்க வந்த இடத்தில் இதைக் கேட்டால் யாருக்குத்தான் வராது?

நான் வசூலுக்கு வரவில்லை. களத்து வேலை இழந்த குடும்பங்கள் இன்னும் மூன்று நான்கு அந்தத் தெருவில் இருக்கின்றன. போக ஆள் இல்லை. வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்குச் சத்திரத்தில் மண்ணச்சநல்லூர் பஸ் நிற்கும் இடத்தில் நானும் பெரியவரும் இருப்போம். இரண்டு பேராவது வந்தால் நல்லது. கணக்குத் தெரிந்தவர்கள் என்றால் இன்னும் நல்லது; அவளுடைய தம்பி இப்போது ஒன்பதாவது.