ஜெய்சல்மேர் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



வடஇந்தியா போய் வந்தவன் மேடையேறினால் காசியையும் கயையையும் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள. அவற்றைப் பற்றிப் பேச என்னிலும் தகுதியுள்ள பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நான் இருமுறை போய் வந்த வேறோர் ஊரைப் பற்றிச் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். வரும் மார்கழி விடுமுறையில் நம் அங்கத்தினர் சிலர் அங்கே போக எண்ணியிருக்கிறார்களாம். ஆகவே வருணனையைக் குறைத்து, போகிறவர்களுக்கு உதவக்கூடிய சங்கதிகளையே சொல்ல முயல்வேன். ஒரு சங்கதியை மாத்திரம் சற்று நீட்டிச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளவேண்டும்.

ஜெய்சல்மேர் என்பது இராசத்தான் மாநிலத்தின் மேற்குக் கோடியில், தார் பாலைவனத்திலே இருக்கும் நகரம். 1156 ஆம் ஆண்டில் பாட்டி வமிசத்து இராசபுத்திர அரசனாகிய இராவல் ஜெய்சல் என்பவன் திரிகூடம் என்னும் குன்றின்மேல் கோட்டை கட்டினான். (பாட்டி என்பது அவர்களுடைய குலப்பெயர். சிறுவர்கள் சிரிக்கவேண்டாம்.) குன்று சுமார் 250 அடி உயரம். மதிலிலே 99 கொத்தளங்கள். கல்லெல்லாம் மஞ்சள் நிற மணற்கல். மாலை வெயில் படும்போது முழுக்கோட்டையும் பொன்னிறமாகிவிடும். சத்தியஜித் ராய் இதனைப் 'பொற்கோட்டை' என்று பெயரிட்டு 1971 இல் வங்காளியில் ஒரு நாவல் எழுதி, 1974 இல் அதைத் திரைப்படமாகவும் எடுத்தார். அதற்குப் பிறகு வங்காளத்தார் கூட்டங்கூட்டமாக அங்கே போகத் தொடங்கினர். இன்றும் கடைத்தெருவில் வங்காளி பேசும் வியாபாரிகளைக் காணலாம்.

இந்தியாவிலுள்ள மற்றக் கோட்டைகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மற்றவை பெரும்பாலும் வெறுங்கோட்டைகள். காவலாளியும் வௌவாலுந்தான் குடியிருப்பு. இங்கேயோ கோட்டைக்குள் இன்றும் சில ஆயிரம் பேர் பரம்பரையாக வாழ்கின்றனர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், துணி உலர்த்தும் பெண்கள், திண்ணையிலே சீட்டாடும் கிழவர்கள், வழிமறிக்கும் பசுமாடுகள் எல்லாம் உள்ளேயே. ஆகையால் கோட்டைக்குள் போவதற்குக் கட்டணம் இல்லை. அரண்மனைக்கும் சமணக் கோயில்களுக்குமே சீட்டு வாங்கவேண்டும்.

இனிப் போகும் வழி. நம்மவர் முதலில் இந்திய விசா பெறவேண்டும். பின் டில்லிவரை விமானம், அங்கிருந்து றெயில். டில்லியிலிருந்து நேரே போகும் றெயில் ஓர் இரவையும் அதற்கு மேலும் விழுங்கிவிடும். முதியோருடன் போவோர் ஜோத்பூரில் இறங்கி ஒருநாள் தங்கி, அந்த ஊர்க் கோட்டையையும் பார்த்துவிட்டு மறுநாள் புறப்படுவது நல்லது. ஜோத்பூரிலிருந்து ஐந்தாறு மணித்தியாலப் பிரயாணம். றெயில் பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். மார்கழியில் இருக்கை கிடைப்பது அரிதாதலால், திறந்த கிழமையிலேயே பதிந்துவிடுங்கள். ஜெய்சல்மேரிலும் விமான நிலையம் உண்டு. ஆனால் அங்கே விமானங்கள் குளிர்காலத்தை நம்பியே வருவன. அவற்றை நம்பித் திட்டம் போடுகிறவர் அந்த ஆண்டின் நேரசூசியை முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

போகத்தக்க காலம் ஐப்பசி தொடங்கி மாசி வரை. சித்திரை, வைகாசியில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். அப்போது போவது சாகசமேயன்றி யாத்திரையன்று. மார்கழி, தையில் பகல் இதமாயிருக்கும். இரவோ நுவரெலியாக் குளிரை நினைவூட்டும். பாலைவனந்தானே என்று பருத்திச் சட்டையோடு போய் நடுங்கியவன் நான். கம்பளிச் சட்டை ஒன்று, காதை மூடும் தொப்பி ஒன்று, பகலில் தலையையும் மூக்கையும் சுற்றிக்கொள்ள நீண்ட பருத்தித் துணி ஒன்று அவசியம். சப்பாத்திலும் செருப்பே மேல். மணலும் கோயிலும் மாறிமாறி வரும் ஊரில் சப்பாத்தின் கயிறு பெருந்தொல்லை.

றெயில் நிலையத்தில் இறங்கியவுடன் ஓட்டோக்காரரும் விடுதித் தரகரும் சூழ்ந்துகொள்வர். முதல் முறை நானும் என் மைத்துனரும் அவர்களுள் ஒருவர் சொன்ன அதிசயமான மலிவு வாடகைக்கு மயங்கிப் போய்விட்டோம். அறை நன்றாகவே இருந்தது. மாலையில் விடுதிக்காரர் வந்து, ஒட்டகச் சவாரியைத் தம்மிடமே எடுத்துக்கொள்ளவேண்டும் என்றார். நாங்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னோம். மறுநாட் காலை, அந்த அறை வேறொருவருக்குப் பதிவாகிவிட்டது என்று எங்கள் பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன! அங்கே மலிவு அறை என்பது தூண்டிலிற் கோத்த இரை. வாடகை, சவாரி இரண்டையும் தனித்தனியே பேசித் தீர்த்த பின்பே பெட்டியை உள்ளே வையுங்கள்.

பெட்டியும் கையுமாக நின்ற நாங்கள் அன்று கோட்டைக்குள்ளேயே ஒரு வீட்டில் அறை எடுத்தோம். கொத்தளத்தை ஒட்டிய அறை. சாளரத்தைத் திறந்தால் அடிவானம்வரை பாலைவனம். இதைவிட வேறென்ன வேண்டும் என்று மகிழ்ந்தோம். றெயிற் புழுதி போகவேண்டுமென்று, நம்மூர்க் கிணற்றடியில் குளிப்பதுபோல வாளிவாளியாக மொண்டு ஊற்றிக் குளித்தேன். துணிகளையும் தோய்த்தேன். வீட்டுக் கிழவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாட் காலை அவர் என்னைக் கைகாட்டி அழைத்து, வீட்டின் பின்புறமாய் இறங்கும் ஒடுங்கிய சந்துக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவரின் அடிப்பாகம் ஈரமாய்க் கறுத்திருந்தது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. கிழவர் விரலால் சுரண்டினார். கல் மாவாய்க் கொட்டியது. அவருடைய பேரன் ஆங்கிலத்தில் சொன்னான்: "மேலே ஊற்றுவதெல்லாம் இங்கேதான் வருகிறது என்கிறார் தாத்தா." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பியிருப்பேன். அவர் ஊர்ப்புதினம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

இதைத்தான் நீட்டிச் சொல்லவேண்டும் என்றேன். அந்தக் குன்று கருங்கல் அன்று. மெல்லிய மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காய் அமைந்த குன்று. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீற்றர் அளவே என்பதால், நனையாது என்ற நம்பிக்கையில் எழுந்த கட்டடங்கள் அவை, கூரைகள் மண்ணாலானவை. பெய்யும் சிறுமழையையும் உடனே மதிலுக்கு வெளியே கொண்டுபோய்விடும் வாய்க்கால்களை அக்காலத்தவர் வைத்திருந்தனர். குடிநீர் கீழேயுள்ள கடிசர் ஏரியிலிருந்து பெண்களின் தலையில் குடங்குடமாக ஏறிவந்தது. தலையில் சுமந்த நீரை யார் வீணாக்குவர்? முகங் கழுவிய நீர் பாத்திரம் தேய்க்கவும், பின் மாட்டுக்கும் போயிற்று.

பிறகு குழாய் வந்தது. பஞ்சாபிலே சத்லஜும் பியாசும் கூடும் ஹரிக்கே என்னும் இடத்திலிருந்து இந்திரா காந்தி கால்வாய் பாலைவனத்துக்கு நீரைக் கொண்டுவந்தது. தலைச்சுமை ஒழிந்ததையிட்டு அந்தப் பெண்களைவிட மகிழ்ந்தவர் எவரும் இருக்கமாட்டார். அதை நான் குறை சொல்லேன். ஆனால் குழாயோடு பிரயாணிகளும் வந்தனர், வீடுகள் விடுதிகளாயின, ஒவ்வோர் அறைக்கும் குளியலறையும் மலசலகூடமும் அமைந்தன. கழிவுநீர்க் குழாய்கள் அவ்வளவு நீரைத் தாங்கவில்லை. ஒழுகிய நீர் குன்றின் வயிற்றுக்குள் இறங்கியது, களிமண் ஊறி வீங்கியது, மதில்கள் சரிந்தன. 1998 இல் மதிலின் ஒரு பகுதி இடிந்து ஆறு பேர் மாண்டனர். நியூயோர்க்கிலுள்ள உலக நினைவுச்சின்ன நிதியம் 1996, 1998, 2000 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆபத்துப் பட்டியல்களில் இக்கோட்டையைச் சேர்த்தது. அதன்பின் கழிவுக்கால்களைச் சீர்செய்யும் வேலைகள் நடந்தன. 2013 இல் யுனெஸ்கோ இதனை இராசத்தானின் வேறு ஐந்து மலைக்கோட்டைகளோடு உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் 2024 ஓகஸ்ட் மாதத்து மழையில் மதிலின் ஒரு பகுதி மறுபடியும் இடிந்து தெருவில் வீழ்ந்தது.

ஆகையால் இரண்டாம் முறை நான் கோட்டைக்குக் கீழே நகரத்தில் தங்கினேன். நீங்களும் அப்படியே செய்யவேண்டும் என்பது என் வேண்டுகோள். கீழிருந்து பார்த்தாலன்றோ கோட்டை முழுவதும் கண்ணுக்குத் தெரியும்! மேலே அறை எடுத்தவர் அதன்மேல் நின்றுகொண்டு அதைத் தேடவேண்டியதுதான்.

இதை நான் சொன்னபோது நம் வாலிபர் ஒருவர், "எல்லாரும் கீழே தங்கினால் மேலே இருக்கும் அந்தக் கிழவர் எப்படிப் பிழைப்பார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மேலே தேநீர் குடியுங்கள், சாப்பிடுங்கள், துணிமணி வாங்குங்கள், உள்ளூரவர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் சொன்னேன். ஆனால் அறை வாடகைக்கு முன் தேநீர்க் காசு எம்மாத்திரம்? அந்த வீடுகளை விட்டு மனிதர் போய்விட்டால் கூரைக்கு மண் பூசவும் ஆளிராது என்பதும் மெய்யே. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நாம் ஊற்றும் வாளியைக் குறைப்பது மாத்திரம் நம் கையில் இருக்கிறது. எங்கே தங்கினாலும் ஒரு வாளியில் குளியலை முடித்துக்கொள்ளுங்கள். துணியை ஊருக்கு வந்து தோயுங்கள்.

பார்க்கவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோட்டைக்குள் இலட்சுமிநாதர் கோயில் உண்டு. அவ்வூரார் அன்றாடம் வழிபடும் கோயில். அதிகாலையில் போனால் பஜனையைக் கேட்கலாம். சமணக் கோயில்களின் சிற்பவேலை சொல்லி முடியாதது. அங்கே தோற்பொருள் கூடாது. இடுப்புப் பட்டி, மணிபேர்ஸ் எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுச் செல்லுங்கள். முற்பகலிலேயே போய்விடவும் வேண்டும். அக்கோயில்களோடு சேர்ந்த ஞானபண்டாரம் என்னும் நூல்நிலையத்தில் பழைய ஓலைச்சுவடிகள் உண்டு. பனையில்லாப் பாலைவனத்தில் ஓலை ஏட்டைக் கண்டபோது எனக்கு உண்டான உணர்ச்சியை நம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை.

நகரத்திலே வணிகர் கட்டிய மாளிகைகள் பல. பட்டுவா குடும்பத்தாரின் ஐந்து மாளிகைகள் 1805 இல் தொடங்கியவை. எனக்குப் பிடித்தது நாத்மல் மாளிகை. வலப்பாதியை ஒரு சகோதரனும் இடப்பாதியை மற்றச் சகோதரனும் செதுக்கினராம். உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலிரா. கடிசர் ஏரிக்கரையில் ஒரு தோரணவாயில் உண்டு. தீலோன் என்னும் கணிகை கட்டியதாம். அவள் கட்டிய வாயிலின் கீழாக அரசன் நடப்பதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, அவள் அதன் உச்சியில் ஒரு கிருஷ்ணன் கோயிலை வைத்துவிட்டாளாம். பிறகு இடிப்பது யார்? கதைதான், வாயில் நிற்கிறது.

மணற்குன்றுகளுக்குச் சாம் என்னும் இடம் பிரசித்தம். நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீற்றர். ஒலிபெருக்கியும் கூட்டமும் பிடிக்காதவர்கள் குரி என்னும் கிராமத்துக்குப் போகலாம். ஒட்டகம் பின்னங்காலை முதலில் ஊன்றி எழும்பும். அப்போது முன்னே கவிழாதபடி பின்னால் சாய்ந்து இருங்கள். அது இருக்கும்போதும் அப்படியே. தண்ணீர்ப் போத்தலை மணலில் எறியாதீர்கள். அந்த வட்டாரத்தில் வாழும் கானமயில் என்னும் பெரும் பறவை இன்று உலகில் இருநூறுகூட இல்லை.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். சைவருக்கு மிக வசதியான ஊர். கேர் என்னும் காயும் சாங்கிரி என்னும் வன்னிமரத்து நெற்றும் சேர்த்துச் சமைக்கும் கறியைக் கட்டாயம் உண்டு பாருங்கள். கம்பு ரொட்டியோடு நன்றாயிருக்கும். சோறு வேண்டுமென்று அடம்பிடிப்பவர் ஏமாறுவர். கோட்டை வாசலருகே பாங்கு கலந்த பானம் அனுமதியோடு விற்கும் கடை ஒன்று உண்டு. வாலிபர்கள் அந்தப் பக்கம் திரும்பவேண்டாம்; திரும்பினால் பெரியவர்களிடம் சொல்ல ஆளிருக்கும்.

கடைசியாக, அது பாகிஸ்தான் எல்லை மாவட்டம், நாம் பிறநாட்டவர். தானோத் அம்மன் கோயில் முதலான எல்லைப்புற இடங்களுக்குப் பிறநாட்டவர் முன் அனுமதி பெறவேண்டும். ஓட்டோக்காரர் "ஒன்றும் வேண்டாம்" என்பார், நம்பாதீர்கள். படைத்தளங்கள் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். 2025 மே மாதத்தில் இரு நாட்டுக்கும் மோதல் மூண்டபோது அந்நகரம் இரவில் விளக்கணைத்து இருளில் இருந்தது. புறப்படுமுன் ஒரு கிழமைச் செய்தியையாவது கவனித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் பிரதி நான்கைந்து கையில் இருக்கட்டும். ஒவ்வொரு விடுதியிலும் கேட்பார்கள்.

என்னிடம் இரண்டு கம்பளிச் சட்டைகளும் ஜோத்பூர் றெயில் நேரசூசியும் இருக்கின்றன. மார்கழியில் போகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். சட்டைகளை மாத்திரம் திருப்பித் தரவேண்டும். அந்தக் கிழவரின் வீடு இலட்சுமிநாதர் கோயிலுக்குச் சற்று அப்பால் இருக்கிறது. யாராவது அப்பக்கம் போனால், சந்திலிறங்கி அந்தச் சுவரின் அடிப்பாகம் எப்படியிருக்கிறது என்று பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள்.