பிள்ளை வெளுத்தால் கண்ணைப் பாருங்கள்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



"புள்ள இப்ப நல்லா வெளுத்துட்டா" என்று லயத்தில் சந்தோஷமாகச் சொல்கிறோம். அதே பிள்ளையை நான் வகுப்பில் பார்க்கிறேன். மேடு ஏறி வந்தால் மூச்சு வாங்குகிறாள். காலைக் கூட்டத்தில் தலைசுற்றி உட்காருகிறாள். மூன்றாம் பாடத்தில் தூங்குகிறாள். அவளுக்குச் சோம்பேறி என்று பெயர். படிப்பு ஏறவில்லை என்று சாதாரண தரத்துக்கு முன்பே நிறுத்தியும் விடுகிறோம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் இரத்தக் குறைவாக இருக்கலாம். நிச்சயப்படுத்த இரத்தம் சோதிக்க வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது.

வளரும் வயதில் உடம்புக்கு இரும்புச்சத்து கூடுதலாக வேண்டும். மாதவிடாயில் இரத்தமும் போகிறது. அதிகமாகப் போனால் பிள்ளை வெட்கத்தில் சொல்ல மாட்டாள், அம்மாதான் கேட்க வேண்டும். வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு காலால் ஏறிக் குடலில் இரத்தம் குடிக்கும். தலசீமியா என்ற பரம்பரை நோயும் உண்டு. அது இரும்பு மாத்திரைக்குத் தீராது. அதனால்தான் முதலில் சோதனை என்கிறேன்.

இனி சாப்பாடு. ரொட்டி, சம்பல், கூடவே ஒரு கோப்பை சாயத்தண்ணி. நாம் பறிக்கும் கொழுந்தைப் பற்றி நானே குறை சொல்வதாக நினைக்காதீர்கள். தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். பருப்பு, கௌபி, கீரையோடு தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்பு நன்றாகச் சேரும். நெத்தலி, முட்டை கிடைக்கும் நாளில் வளரும் பெண்பிள்ளைக்கும் பங்கு வையுங்கள். ஆம்பிளைக்கு மட்டும் எடுத்து வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

பாடசாலையில் தரும் இரும்பு மாத்திரையைப் பிள்ளைகள் வீசிவிடுகிறார்கள். மலம் கறுப்பாகும், வயிறு கொஞ்சம் புரட்டும், பயப்பட ஒன்றுமில்லை. சாயத்தண்ணியோடு மட்டும் விழுங்க வேண்டாம்.

பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்று ஒரு அக்கா சொன்னார். நியாயம். இரத்தப் பரிசோதனையைத் தோட்டத்திலேயே நடத்தும்படி சுகாதார வைத்திய அதிகாரிக்கும் நிர்வாகத்துக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம். நாளை கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மாதர் தலைவி கடிதத்தைக் கொண்டு வருவார். கையெழுத்துப் போடுங்கள், பிள்ளையின் வயதையும் பக்கத்தில் எழுதுங்கள்.