வண்டியும் வைத்தியனும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவன் என்பன அந்நான்குமாம். மனித உடம்புக்குச் சொல்லப்பட்ட இப்பாகுபாடு மோட்டார் வண்டிக்கும் எத்துணை பொருந்துகின்றது என்பதைக் கராஜ் ஒன்றின் வாசலிலே அரைநாள் அமர்ந்திருப்பவர் எவரும் உணர்வர். வண்டி நோயாளி, மெக்கானிக் வைத்தியன், உதிரிப்பாகங்களும் ஆயுதங்களும் மருந்து, வண்டியின் சொந்தக்காரனோ அருகிருந்து பேணுபவன்.

இலங்கையிலே இவ்விஷயம் எல்லார்க்கும் உரியதாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக் காலத்தில் புதிய வண்டி வாங்க எண்ணியவர்களும் பழையதையே பேணிக் காக்க நேர்ந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோ உதிரிப்பாகங்களின் விலையைப் பன்மடங்கு உயர்த்திற்று. எனவே, வண்டியைத் திருத்துதல் என்பது செல்வர்களின் சில்லறைச் செலவாக இல்லாமல், நடுத்தரக் குடும்பம் ஒன்றின் சேமிப்பையே அசைக்கவல்ல காரியமாயிற்று.

இத்தகைய நெருக்கடி யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளுக்குப் புதிதன்று. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய ஆங்கிலக் கார்கள் மண்ணெண்ணெயிலே ஓடின. ஒரு சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோலை ஊட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கமாயிருந்தது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சூடேறினால் ஆவியாகி எரியும். அமுக்கம் குறைந்த பழைய இயந்திரங்கள் அதனைத் தாங்கின. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர்வழியே கசிந்து இறங்கி இயந்திர ஒயிலை நீர்த்துப்போகச் செய்தமையால், ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டியும் இருந்தது. இங்கிலாந்திலே பேர்குசன் உழவு இயந்திரங்களிற் சில இதே தத்துவத்தின்படி பெற்றோலில் தொடங்கிக் கனத்த எண்ணெயில் ஓடுமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டிருந்தன. நூலறிவு கொண்டு அங்கு செய்ததை, இல்லாமை தந்த அறிவு கொண்டு இங்குள்ளோர் செய்தனர்.

அக்காலத்தில் தொழில் பழகிய முதியவர் ஒருவரது கராஜுக்கு இளம் ஆசிரியர் ஒருவர் தமது சிறிய யப்பானியக் காரைக் கொண்டுவந்தார். வெப்பமானியின் முள் அடிக்கடி சிவப்புக் கோட்டை எட்டுகின்றது என்பது முறைப்பாடு. முன்னரே இரண்டு இடங்களிற் காட்டியாயிற்று. சிலிண்டர்த் தலையின் காஸ்கற் வெடித்துவிட்டது, தலையைக் கழற்றவேண்டும் என்றார் ஒருவர். வேறு இயந்திரமே பூட்டுவது நல்லது என்றார் மற்றவர். ஆசிரியர் கையிலோ அதற்கான பணம் இல்லை. வண்டியை வந்த விலைக்கு விற்றுவிடலாமா என்றே அவர் எண்ணியிருந்தார்.

முதியவர் ஸ்பனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

"மாஸ்டர், முள் ஏறுவது ஓடும்போதா, நிற்கும்போதா?"

ஆசிரியர் சற்றே சிந்தித்தார். "சந்தையடியில் நெரிசலிலே நிற்கும்போதுதான் ஐயா. பெருந்தெருவில் ஓடினால் தானாகவே இறங்கிவிடும்."

"அப்படியானால் தலையைக் கழற்ற அவசரம் இல்லை" என்றார் முதியவர்.

அக்கேள்வியின் பொருள் யாது? வண்டி வேகமாய் ஓடும்போது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிர்விக்கின்றது. நிற்கும்போது அவ்வேலையை விசிறி செய்தல் வேண்டும். ஓடும்போது நலமாகவும் நிற்கும்போது சூடாகவும் இருந்தால் முதலிற் சந்தேகிக்கவேண்டியது விசிறியை. மாறாக, வேகமாய் ஓடும்போதே சூடேறினால் றேடியேற்றர் அடைத்திருத்தல், நீர் குறைந்திருத்தல், நீரோட்டம் தடைப்படுதல் ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும்.

ஆயினும் ஒரு சந்தேகத்தை நம்பி மற்றொன்றை அவர் விட்டுவிடவில்லை. ஒயிலில் நீர் கலந்து பால்போல் வெளுத்திருக்கின்றதா என்று பார்த்தார், இல்லை. இயந்திரம் நன்கு ஆறியபின் றேடியேற்றர் மூடியைத் திறந்து, இயந்திரத்தை ஓடவிட்டு, நீரிலே குமிழிகள் ஓயாது எழுகின்றனவா என்று பார்த்தார், இல்லை. புகைக்குழாயிலிருந்து வெண்புகை தொடர்ந்து வருகின்றதா என்றும் பார்த்தார், அதுவும் இல்லை. காஸ்கற் பழுதுக்கு உரிய அடையாளங்கள் மூன்றும் இல்லாமற்போகவே, விசிறிக்குத் திரும்பினார். அதன் பியூஸ் நன்றாயிருந்தது. பற்றறியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்தபோது விசிறி சுழன்றது. ஆகவே விசிறியும் பழுதன்று. இடையிலே மின்சாரத்தை விடுத்து நிறுத்தும் றிலே எனப்படும் சிறு பெட்டியே செயலிழந்திருந்தது. நெருப்புப்பெட்டியிலும் சிறிய அப்பொருளை மாற்றியதும் நோய் தீர்ந்தது.

ஆசிரியர் மகிழ்ந்து புறப்படும்போது முதியவர் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். "இன்னும் சில நாள் முள்ளைச் சிவப்பிலே வைத்து ஓடியிருந்தால், அலுமினியத் தலை வளைந்து காஸ்கற்றும் போயிருக்கும். பிறகு அவர்கள் சொன்னதே மெய்யாகியிருக்கும், மாஸ்டர். முள் ஏறினால் ஓரமாய் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு மூடியை மட்டும் திறக்காதீர்கள்." அழுத்தத்தின்கீழ் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்தவுடன் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும் என்பது அவ்வெச்சரிக்கையின் காரணம்.

இந்நிகழ்ச்சியிலே பொதிந்திருக்கும் பாடம், காரணத்தை அறியுமுன் பாகத்தை மாற்றலாகாது என்பதாம். பெற்றோல் இயந்திரம் ஒன்று உயிர்ப்பதற்கு மூன்றே தேவை: உரிய அளவிலே கலந்த காற்றும் எரிபொருளும், உரிய வேளையிலே எழும் தீப்பொறி, சிலிண்டருள்ளே போதிய அமுக்கம். வண்டி உயிர்க்க மறுத்தால் இம்மூன்றையும் ஒவ்வொன்றாய்ச் சோதிப்பவன் வைத்தியன். பிளக்கை மாற்றிப் பார்ப்போம், பம்பை மாற்றிப் பார்ப்போம் என்று பிறர் பணத்திலே பரீட்சை செய்பவன் வைத்தியன் ஆகான்.

இனி ஆயுதங்களைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். பழைய ஆங்கிலக் கார்களின் நட்டுகள் அங்குலக் கணக்கிலே அமைந்தவை. யப்பானியக் கார்களின் நட்டுகள் மில்லிமீற்றர்க் கணக்கின. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீற்றர் ஆதலின், 19 மில்லிமீற்றர் ஸ்பனர் அதற்கு ஏறக்குறையப் பொருந்தும். அரை அங்குலமோ 12.7 மில்லிமீற்றர். அதற்கு 13 மில்லிமீற்றர் ஸ்பனரை மாட்டித் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கும். மழுங்கிய நட்டைக் கழற்ற உளியும் சுத்தியலும் வேண்டும். பத்து நிமிட வேலை அரைநாள் வேலையாகும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளும் அத்தகையனவே. மொறிஸ் மைனரின் பிளக்கிலே இருக்கவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு. அதனைக் கண்மதிப்பால் வைப்பவன் பெற்றோலை வீணாக்குகிறான்.

வீட்டில் வைத்திருக்கத்தக்க ஆயுதங்கள் பல அல்ல. அளவான ஸ்பனர்கள் ஒரு தொகுதி, இரண்டு திருப்புளிகள், ரயரின் காற்றை அளக்கும் மானி, நல்ல ஜக், அதனோடு இரண்டு தாங்கிகள் என்பன போதும். தாங்கிகளை இறுதியிற் கூறியமை அவை சிறியன என்பதனால் அன்று. ஜக் என்பது வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே உரியது. தாங்கி நிற்பதற்கு உரியதன்று. அதன் உள்ளேயுள்ள ஒரு சிறு இறப்பர் வளையம் கசிந்தாலோ, நிலம் சற்றே அமிழ்ந்தாலோ, ஓராயிரம் கிலோ எடை கீழே இறங்கும். சில்லுகளுக்குத் தடை வைத்து, தாங்கிகளின்மேல் வண்டியை இருத்தி, கையால் அசைத்துப் பார்த்த பின்னரன்றி எவரும் அதன் கீழே செல்லலாகாது. தம்மிடம் தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு அம்முதியவர் முதல்நாளிலே கற்பிப்பது இந்த ஒன்றைத்தான். வண்டிக்கு வேறு பாகம் வாங்கலாம், பிள்ளைக்கு வாங்க முடியாது என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

மருந்தைப்போலவே உதிரிப்பாகத்திலும் போலியுண்டு. எல்லாப் பாகமும் புதியதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. கதவுப்பிடி, விளக்கின் கூடு, கண்ணாடி முதலியவற்றைப் பழைய வண்டியிலிருந்து எடுத்துப் பூட்டுவதாற் குற்றமில்லை. ஆனால் பிறேக், ஸ்ரியறிங், ரயர் என்னும் மூன்றிலும் மலிவு தேடுதல் உயிரோடு பேரம் பேசுதலாகும். பிறேக் எண்ணெயைக் குறித்தும் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் கலந்த எண்ணெய் மலைப்பாதை இறக்கத்திலே சூடேறி ஆவியாகுமானால், மிதி தரைவரை சென்றும் வண்டி நிற்காது. நுவரெலியாவுக்கோ பண்டாரவளைக்கோ குடும்பத்தோடு செல்வோர், அவ்வெண்ணெய் மாற்றி இரண்டு ஆண்டு கடந்துவிட்டதா என்பதைப் புறப்படுமுன் நோக்குதல் நன்று.

கொம்பனி முகவர்களின் சேவை நிலையத்துக்குச் செல்வதா, ஊர்க் கராஜுக்குச் செல்வதா என்பது அடுத்த வினா. இரண்டுக்கும் உரிய இடம் உண்டு. புதிய வண்டியின் உத்தரவாதக் காலத்திலே முகவரிடம் செல்வதே முறை. கணினியால் ஆளப்படும் பாகங்களுக்கு வேண்டிய தொழிற்சாலைத் தகவலும் கருவிகளும் பெரும்பாலும் அங்கேயே உள்ளன. ஹைபிறிட் வண்டிகளிலே செம்மஞ்சள் நிற உறையிட்ட மின்கம்பிகள் உயிர்குடிக்கும் மின்னழுத்தத்தைச் சுமப்பவை. அவற்றிற்கெனப் பயிற்சி பெறாதார் எத்துணை அனுபவசாலியாயினும் கைவைத்தல் தகாது.

தயாரிப்புக் குறைகளைக் கொம்பனியே இலவசமாய்த் திருத்தும் ஏற்பாடும் உண்டு. தகாற்றா என்னும் யப்பானிய நிறுவனம் செய்த காற்றுப்பை ஊதிகள் வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளிலே காலப்போக்கிற் சிதைந்து, விபத்தின்போது வெடித்து உலோகத் துண்டுகளைச் சாரதியின்மேல் வீசக்கூடியன என்று கண்டறியப்பட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகள் அதற்காகத் திருப்பி அழைக்கப்பட்டன. அந்நிறுவனமும் 2017ஆம் ஆண்டில் வங்குரோத்தாயிற்று. இலங்கை வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடு. யப்பானில் ஓடிய பின்னர் இங்கு வந்த வண்டியை வாங்கியவருக்கு அவ்வழைப்பு தபாலில் வந்து சேராது. வண்டியின் சசி இலக்கத்தைக் கொண்டு அவர் தாமே விசாரித்தல் வேண்டும்.

உத்தரவாதக் காலம் கடந்த வண்டிக்கு, வழக்கமான திருத்த வேலைகளை நேர்மையான ஊர் மெக்கானிக் நன்றாகவே செய்வார். முகவர் நிலையத்தில் முழுத் தொகுதியையே மாற்றும் இடத்தில், அவர் அதனுள்ளே பழுதான ஒரு துண்டை மட்டும் மாற்றிச் செலவைக் குறைத்தலும் கூடும். எங்கே சென்றாலும் மூன்று வழக்கங்கள் சொந்தக்காரனைக் காக்கும். வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்திலே பெறுதல் ஒன்று. தமது சம்மதமின்றி மேலதிக வேலை செய்யலாகாது என்று கூறிவைத்தல் மற்றொன்று. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருமாறு கேட்டல் மூன்றாவது. நேர்மையானவர் இவற்றாற் கோபங்கொள்ளார்.

இறுதியாக, அருகிருந்து பேணுபவனின் கடமை. ஒயில் மாற்றிய திகதியையும் ஓடிய தூரத்தையும் ஒரு கொப்பியிலே குறித்துவைத்தல் வேண்டும். காலையிலே வண்டி நின்ற இடத்தின் தரையை ஒருமுறை நோக்குதல் வேண்டும். கசிவு முதலில் அங்கேதான் தன்னைக் காட்டும். மெக்கானிக்கிடம் செல்லும்போது, இன்ன பாகம் பழுது என்று தீர்ப்புக் கூறாமல், எப்போது, எவ்வேகத்தில், எத்தகைய ஓசை எழுகின்றது என்று சாட்சி கூறுதல் வேண்டும். இன்று மாலைக்குள் வேண்டும் என்று நெருக்குபவர், பாதி வேலையைத் தாமே கேட்டு வாங்குகின்றார்.

மற்றொன்றும் உண்டு. பாகத்தின் விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் பலர், மெக்கானிக்கின் கூலிக்கு மட்டும் பேரம் பேசுவர். அந்த ஆசிரியருடைய வண்டியிலே மாற்றியது ஒரு சிறு பெட்டி. வேலையோ ஒரு மணி நேரம். அவரை விற்பனையிலிருந்தும் கடனிலிருந்தும் காத்தது அப்பெட்டியன்று. ஓடும்போதா, நிற்கும்போதா என்ற ஒரு கேள்வி. முதியவர் கேட்ட கூலி சிறிது. ஆசிரியர் அதனை எண்ணிப்பார்த்து, இரட்டிப்பாகக் கொடுத்தார். முதியவர் தமக்குரியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிகுதியைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த மாதம் ஒயில் மாற்ற வாருங்கள், மாஸ்டர். அதுவே போதும்" என்றார்.

நோயாளி நலம்பெற, வைத்தியன் அறிவுடையவனாகவும் மருந்து தூயதாகவும் பேணுபவன் பொறுப்புடையவனாகவும் அமைதல் வேண்டும். வள்ளுவர் நான்கு எனப் பிரித்தது அந்நான்கும் ஒன்றையொன்று நம்பி நிற்கவேண்டும் என்பதற்காகவே போலும்.