படமும் சொல்லும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் புலவர் அல்லோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடுகளுடன் காலங்கழித்து வருகிறோம். எனினும், படக்கதையைப் பற்றிப் பேச நமக்கு ஓர் உரிமை உண்டு. நமக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்த ஆசிரியர் ஒரு படக்கதையே ஆவார்.

நல்லேப்பிள்ளியில் வளர்ந்த நாம் பயின்றது மலையாளப் பள்ளியில். வீட்டில் பேச்சு தமிழ். ஏட்டில் எழுத்து மலையாளம். கடைத்தெருத் தேநீர்க் கடைக்குத் 'தினத்தந்தி' வரும். 1960ஆம் ஆண்டில் தொடங்கிய 'கன்னித்தீவு' அதில் நாள்தோறும் வெளியாகும். சிந்துபாத் கடலில் தத்தளிப்பதைப் படம் காட்டும். அவன் யாரை நாடி எங்கே செல்கிறான் என்பதை எழுத்துத்தான் சொல்லும். படம் ஆவலைத் தூண்டிற்று. ஆவல் எழுத்தைக் கூட்டிப் படிக்க வைத்தது.

படமும் சொல்லும் இணைந்து செய்யும் பணி யாது? நம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுவோம். வண்டி புறப்படுகையில் கார்டு பச்சைக்கொடி காட்டுகிறார், விசிலும் ஊதுகிறார். கண்ணுக்கும் காதுக்கும் ஒரே செய்தி. அங்கே அது பாதுகாப்பு. படக்கதையிலோ அது வீண். வீடு எரிவதை வரைந்துவிட்டு, 'வீடு எரிகிறது' என்று எழுதுவதால் பயன் என்ன? 'உள்ளே என் குழந்தை!' என்று ஒரு தாய் கதறுவதாக எழுதிப் பாருங்கள். படத்தில் இல்லாத குழந்தையை நம் மனம் கண்டுவிடுகிறது! 'எனக்கு அச்சமே இல்லை' என்று வாய் சொல்ல, முழங்கால் நடுங்குவதைப் படம் காட்டினால் நகை பிறக்கிறது. ஒன்று விட்டதை மற்றொன்று நிரப்ப வேண்டும்.

1972இல் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி' இதற்கு நல்ல சான்று. மாயாவியின் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அம்மனிதன் அங்கே நிற்கிறான் என்பதைப் பேச்சுக் குமிழிதானே நமக்கு உணர்த்துகிறது!

கட்டங்களுக்கு இடையேயுள்ள வெற்றிடமும் வீணன்று. ஒரு கட்டத்தில் ஓங்கிய கை. அடுத்த கட்டத்தில் வீழ்ந்த மனிதன். அடி விழுந்தது எங்கே? படிப்பவன் உள்ளத்தில்!

இஃது அயலார் கலை என்று எண்ணற்க. நம் பாலக்காட்டு மாவட்டத்துத் தோற்பாவைக் கூத்தை நினைத்துப் பாருங்கள். தாரிகனோடு போரிட்டமையால் இராம இராவணப் போரைக் காணாத பத்ரகாளிக்காக நடத்தப்படுவது அது என்பர். வெண்திரைக்குப் பின்னே 21 விளக்குகள் எரியும். தோற்பாவை நெடுநேரம் அசையாது நிற்கும். புலவரோ கம்பன் பாடலைத் தமிழில் பாடி, பொருளை விரித்துரைப்பார். அசையாத படத்திற்குச் சொல் உயிர் கொடுக்கிறது. மலையாள மண்ணில் கம்பன் தமிழ் தலைமுறை தலைமுறையாக ஒலித்துவருவது படத்தின் துணையாலன்றோ!

சென்ற ஆண்டு சங்க நூலகத்திற்குப் படக்கதைகள் வாங்கலாம் என்று நாம் சொன்னபோது, "பொம்மைப் புத்தகத்திற்கா சங்கப் பணம்?" என்று அன்பர் ஒருவர் வினவினார். அவர் கவலை நமக்குப் புரிகிறது. ஆயினும், படக்கதை சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. மாத்ருபூமி வார இதழில் 1961 முதல் 1973 வரை அரவிந்தன் வரைந்த 'சிறிய மனிதர்களும் பெரிய உலகமும்' என்னும் தொடரைப் பெரியோரன்றோ படித்தனர்!

நம் மகள் தமிழில் அழகாகச் சண்டையிடுவாள். தமிழில் ஒரு கடிதம் வந்தால் நம்மிடம் நீட்டுவாள். இங்குள்ள பல இல்லங்களில் இதுவே நிலை. இலக்கண நூலைக் கொடுத்தோம், மூடிவைத்தாள். கடந்த கோடை விடுமுறையில் ஒரு படக்கதையைக் கொடுத்தோம். மூன்றாம் நாள், "அப்பா, இந்த எழுத்து 'ழ'வா, 'ள'வா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே நாம் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தோம்.

ஆகவே, நூலகத்தில் ஓர் அடுக்கு, ஒரே ஓர் அடுக்கு, படக்கதைகளுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகள் படம் பார்க்க வரட்டும். தமிழ் படித்துத் திரும்புவர்.