ஒரு பருவம் அயல்நாட்டில் பயில்வோருக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் வித்துரா என்னும் ஊர் இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த மலையடிவாரத்து ஊர் அது. கிழக்கே எழுகின்ற மலைத்தொடரில்தான் அகத்தியர் உறைந்த இடமென்று தமிழர் போற்றும் பொதிகைச் சிகரம் நிற்கிறது. அச்சிகரத்துக்குச் செல்லும் மலைவழி தொடங்கும் போணக்காட்டிலும், பொன்முடியிலும் தேயிலை பறிக்கத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறின. இவ்வூரின் மருதமலைச் சரிவில் இன்று இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. 2008-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் பொறியியற் கல்லூரி வளாகத்தில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், பின்னர் இங்கே தன் நிலையான இடத்தை அடைந்தது. பல மாநிலத்து மாணவர் அங்கே ஐந்தாண்டுப் படிப்பில் பயில்கின்றனர். இறுதியாண்டு ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்டது.

அவ்வாராய்ச்சியையோ, அதற்கு முந்திய ஒரு பருவத்தையோ அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கழிக்கும் வாய்ப்பு மாணவர் சிலருக்குக் கிட்டுகிறது. அழைப்புக் கடிதம் வந்தவுடன் வீட்டில் மகிழ்ச்சி பொங்குகிறது. அடுத்த நாள் முதல் விசா என்ன, விமானக் கட்டணம் என்ன, கைச்செலவுக்கு என்ன என்ற கவலை தொடங்குகிறது. இம்மூன்றையும் எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதையே இன்று நாம் ஆராய்வோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். உபகாரச் சம்பளம் பெரும்பாலும் மாணவர் அயல்நாட்டை அடைந்த பின்னரே கைக்கு வருகிறது. செலவுகளோ புறப்படுவதற்கு முன்னரே நேர்கின்றன. பாஸ்போர்ட், விசா, காப்புறுதி, விமானச் சீட்டு, குளிராடை, தங்கும் அறைக்கு முன்பணம் ஆகிய யாவும் முதல் மாத உபகாரச் சம்பளத்துக்கு முன்னே வந்து நிற்பவை. ஆகவே, முழு உதவி பெற்ற மாணவர்கூட முன்பணம் இன்மையால் தவிக்க நேரிடுகிறது. வசதியுள்ள குடும்பம் காலதாமதத்தைப் பணத்தால் ஈடுசெய்துகொள்ளும். வசதி குறைந்த குடும்பத்துக்குக் காலமே முதல். கையில் பணம் குறைவாயின் அவ்வளவுக்கு முந்தித் தொடங்குதல் வேண்டும்.

எங்கே தொடங்குவது? பாஸ்போர்ட்டில் தொடங்க வேண்டும். அழைப்பு வரட்டும் என்று காத்திராமல், அயல்நாட்டுக்கு மனுச்செய்யும் எண்ணம் தோன்றிய நாளிலேயே அதற்கு எழுதிவிடுவது நலம். 2018 முதல், நாட்டின் எப்பகுதியைச் சேர்ந்தவரும் தாம் விரும்பும் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் மனுச்செய்யலாம். எனினும் மனுவில் காட்டும் முகவரியில் காவல்துறை விசாரணை நடைபெறும். விடுதியில் தங்கும் மாணவர் ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டுத் தேர்வுக்காலத்தில் விடுதியில் இருந்துவிட்டால் காரியம் நீளும். பெயரின் எழுத்துகளும் தந்தை பெயரும் பிறந்த நாளும் பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் ஒன்றாகவே இருக்கவேண்டும். தலைப்பெழுத்தை மட்டும் எழுதும் வழக்கமுள்ள நம்மவர்க்கு இது தனிக் கவனத்துக்குரியது. பாஸ்போர்ட்டில் அவ்வெழுத்து விரிந்து தந்தையின் முழுப்பெயராகிவிடும். அழைப்புக் கடிதத்தில் சுருங்கியே நிற்கும். அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் முதற் கடிதத்திலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைக் கொடுத்துவிட்டால் பின்னர் இடர் இல்லை.

அடுத்தது விசா. இங்கே ஜெர்மனியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் பொதுவாக அக்டோபர் முதல் மார்ச்சு வரையும், கோடைப் பருவம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும் நடைபெறுகின்றன. 90 நாள்களுக்குட்பட்டுத் தங்குவதாயின் ஷெங்கன் விசா போதும். அதற்கு, பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே மனுச்செய்ய இடமுண்டு. ஒரு பருவம் முழுவதும் தங்குவோருக்கு அது போதாது. அந்நாட்டின் நீண்டகால விசா வேண்டும். அதற்குக் காலமும் மிகுதி, கேட்கும் அத்தாட்சிகளும் மிகுதி. இரண்டு விசாக்களின் வேறுபாட்டை அறியாமல் தவறான வகைக்கு மனுச்செய்வோர் பணத்தையும் மாதங்களையும் இழக்கின்றனர்.

எங்கே மனுச்செய்வது என்பதும் அறியத்தக்கது. கேரளத்தில் வசிப்போர் பெங்களூரிலுள்ள ஜெர்மன் துணைத்தூதரகத்தின் எல்லைக்குட்பட்டவர். தமிழ்நாட்டில் வசிப்போர் சென்னைத் துணைத்தூதரகத்தைச் சேர்ந்தவர். நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ வீடும், வித்துராவில் விடுதியும் உடைய மாணவர் இவற்றுள் எதற்குரியவர் என்பதை முன்னரே தெளிந்துகொண்டு, வேண்டுமாயின் நிறுவனத்திடமிருந்து வசிப்பிடச் சான்று பெற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்க நாட்டுக்குச் செல்வோருக்கு இவ்வையம் இல்லை. கேரளமும் தமிழ்நாடும் சென்னை அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் எல்லைக்குள்ளேயே அடங்கும். ஆனால் அங்கே அழைக்கும் பல்கலைக்கழகம் அனுப்பும் தனிச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் மனுவையே தொடங்கவியலும். பரிமாற்ற மாணவர்க்கு ஒரு வகைச் சான்றிதழும், கட்டணம் செலுத்திப் பயிலும் மாணவர்க்கு வேறு வகைச் சான்றிதழும் உண்டு.

இனிப் பணத்தின் அத்தாட்சி. அயல்நாட்டில் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் வழி மாணவர்க்கு உண்டு என்பதை விசா அதிகாரிகள் காண விரும்புகின்றனர். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனியில் இதற்குரிய தொகை மாதத்துக்கு 992 யூரோ என்று வகுக்கப்பட்டது. ஆறு மாதங்களுக்கு 5,952 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாயாக வைத்துக் கணக்கிட்டாலும் ஏறக்குறைய ஆறு லட்சம் ரூபாயாகிறது. இத்தொகையை முன்கூட்டியே ஒரு தனிக் கணக்கில் செலுத்திவிட வேண்டும். அங்கே சென்றபின் மாதம் ஒரு பங்காக மட்டுமே எடுக்கவியலும். அறிவியல் மாணவர்க்கென 2008-இல் இந்திய அரசாங்கம் ஏற்படுத்திய இன்ஸ்பயர் உபகாரச் சம்பளம், கோடைக்கால ஆராய்ச்சிக்குரிய 20,000 ரூபாயையும் சேர்த்து, ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று அமைக்கப்பட்டது. இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் சாதாரணக் குடும்பத்தின் திகைப்பு விளங்கும்.

ஆயினும் ஆறு லட்சத்தைக் கண்டு அஞ்சி வாய்ப்பைக் கைவிட வேண்டியதில்லை. அத்தொகை ஓர் அத்தாட்சியே. அத்தாட்சிக்கு வேறு வழிகளும் உள்ளன. தக்க உபகாரச் சம்பளம் பெற்ற மாணவர் அதன் கடிதத்தைக் காட்டினால் தனிக் கணக்கு தேவைப்படாது. ஜெர்மனியில் வாழும் ஒருவர் அங்குள்ள அதிகாரிகளிடம் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டாலும் ஏற்றுக்கொள்ளப்படும். ஆகையால் உபகாரச் சம்பளக் கடிதம் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். தொகை எவ்வளவு, எம்மாதம் முதல் எம்மாதம் வரை, காப்புறுதி அதில் அடங்குமா, பயணச்செலவு அடங்குமா என்னும் நான்கும் அதில் தெளிவாக இருத்தல் அவசியம். தொகை 992 யூரோவுக்குக் குறைவாயின், குறையும் பகுதிக்கு மட்டும் வேறு அத்தாட்சி தேட வேண்டியிருக்கும்.

நம் அரசாங்கத்தின் உதவிகளை நாடுவோர் அவற்றின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கென மத்திய அரசாங்கம் நடத்தும் அயல்நாட்டு உபகாரச் சம்பளத் திட்டம் முதுகலைப் பட்டத்துக்கும் ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் உரியது; ஒரு பருவம் மட்டும் சென்று திரும்புவோர்க்கு அது பயன்படாது. இவ்விடைவெளியே வித்துரா போன்ற இடத்து மாணவர்க்குப் பெருந்தடை.

இத்தடை புதியதன்று, அதன் உருவம்தான் மாறியிருக்கிறது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்ட காலத்தில் நாட்டில் அந்நியச் செலாவணி அரிதாயிருந்தது. எட்டு டாலரை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அமெரிக்கா சென்றிறங்கிய மாணவர் அந்நாளில் பலர். பாஸ்போர்ட் பெறுவதே அரசாங்கத்தின் அருளாகக் கருதப்பட்டது. அயல்நாடு செல்வது தனிமனித உரிமையின் ஒரு பகுதி என்று 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே பாஸ்போர்ட் சட்டமும் இயற்றப்பட்டது. 2004-இல் ரிசர்வ் வங்கி தனியொருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்ப வழிசெய்தது. அவ்வெல்லை 2015 முதல் 2,50,000 டாலராயிற்று. அன்று நாட்டின் கருவூலத்தில் டாலர் இல்லை. இன்று கருவூலம் வழிவிட்டபோதிலும் வீட்டுப்பெட்டியில் பணம் இருக்கவேண்டியுள்ளது.

விமானச் சீட்டைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். விசா கைக்கு வருமுன் பணம் கொடுத்துச் சீட்டு வாங்குதல் கூடாது. விசா மனுவுக்குப் பயண ஏற்பாட்டின் முன்பதிவு கேட்கப்பட்டால் அதனை மட்டும் காட்டினால் போதும். திருவனந்தபுரத்தில் 1932-இல் ஏற்பட்ட விமானத்தளம் 1991-இல் பன்னாட்டு நிலையமாயிற்று. அங்கிருந்து ஐரோப்பா செல்வோர் பெரும்பாலும் வளைகுடா நகரொன்றில் விமானம் மாறுகின்றனர். வளைகுடாவில் பணிபுரியும் மலையாளிகள் ஓணத்துக்கு வந்து, பள்ளி திறக்கும் வேளையில் குடும்பத்தோடு திரும்பும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அவ்வழிக் கட்டணம் ஏறிவிடும். குளிர்காலப் பருவத்துக்குப் புறப்படும் மாணவர் அக்கூட்டத்தில் சிக்காமல் நாளைக் குறிக்க வேண்டும். சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ செல்லும் கட்டணத்தையும் ஒப்பிட வேண்டும். சில நாடுகளின் நிலையங்களில் விமானம் மாறுவதற்கே தனி அனுமதி தேவைப்படும் என்பதையும் மறத்தலாகாது. மலிவென்று வாங்கிய சீட்டு அக்காரணத்தால் வீணாவதுண்டு.

கைச்செலவுக்கு வருவோம். தனிக் கணக்கில் இட்ட பணம், விமானம் இறங்கிய நாளிலேயே கைக்கு வந்துவிடாது. குடியேறியோர் இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யவேண்டும் என்பது ஜெர்மானியச் சட்டம்; அங்கு வங்கிக் கணக்கும் தொடங்கவேண்டும்; அதன் பின்னரே மாதப்பங்கு வந்து சேரும். ஆகவே முதல் மாதத்துக்குரிய உணவு, அறை வாடகை, அறைக்கு முன்பணம் ஆகியவற்றுக்குத் தனியே பணம் வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்குச் செல்வோர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை அந்நிய நோட்டுகளாக வாங்கலாம். எனினும் முழுவதையும் நோட்டாக வைத்திருப்பது அறிவுடைமையன்று. சில நாள் செலவுக்கு மட்டும் நோட்டாகவும், எஞ்சியதை வங்கி தரும் அந்நியச் செலாவணி அட்டையிலும் கொண்டுசெல்வது பாதுகாப்பு. நம் ஊரில் வழங்கும் சாதாரண அட்டையை அங்கே பயன்படுத்தினால் நூற்றுக்கு மூன்று, நான்கு ரூபாய் வரை கழிவு பிடிப்பதுண்டு. அங்குள்ள இயந்திரம், ரூபாயில் கணக்கிடலாமா, யூரோவில் கணக்கிடலாமா என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாய்க் கணக்கு பழகியதாகத் தோன்றினும் அதன் மாற்று விகிதம் பொதுவாக நமக்கு நட்டம்.

இவ்விடத்தில் இராமானுசன் சென்ற பயணத்தை எண்ணிப்பார்ப்பது தகும். 1914 மார்ச்சு 17-ஆம் நாள் அவர் சென்னைத் துறைமுகத்தில் நெவாசா என்னும் கப்பலேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் வகுத்தது; கப்பற் கட்டணத்தையும் தனியே ஏற்றது. அந்த 250 பவுனில் 50 பவுன் இங்கிருந்த குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டிக் கல்லூரி 60 பவுன் சேர்த்தது. சென்னையில் அவரைக் கண்டு பேசி இசையவைத்த நெவில் என்னும் ஆசிரியர், லண்டன் துறைமுகத்துக்கே வந்து அவரை எதிர்கொண்டார். கும்பகோணத்தில் வளர்ந்த ஏழை இளைஞரின் பயணம் நிறைவேறியதற்கு அவருடைய அறிவு மட்டும் போதவில்லை. பயணச்செலவு முன்னரே கொடுக்கப்பட்டது. வீட்டின் பசிக்கும் வழி செய்யப்பட்டது. அக்கரையில் வரவேற்க ஒருவர் இருந்தார்.

நம் கல்வி நிலையங்கள் செய்யத்தக்கதும் இதுவே. சில லட்சம் ரூபாயில் ஒரு சுழல்நிதி அமைத்து, அழைப்புப் பெற்ற மாணவர்க்கு விசாவுக்கும் விமானத்துக்கும் முதல் மாதச் செலவுக்கும் வட்டியின்றிக் கடன் கொடுத்து, உபகாரச் சம்பளம் வரத்தொடங்கியதும் தவணையாகத் திரும்பப் பெறலாம். பழைய மாணவர்கள் மனமுவந்து இந்நிதிக்கு அளிப்பர். சென்று திரும்பிய மாணவர் தாம் செலவிட்ட கணக்கைப் பைசா விடாமல் எழுதி நூலகத்தில் வைத்தால் அடுத்து வருவோர்க்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். மகளோ மகனோ அயல்நாட்டு அழைப்பைக் கொண்டுவந்தால், எவ்வளவு செலவாகும் என்பதோடு நில்லாமல், எந்த மாதத்தில் எவ்வளவு வேண்டும் என்றும் கேளுங்கள். பன்னிரண்டு மாதங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் வரவேண்டிய கடிதத்தையும் கட்டவேண்டிய தொகையையும் குறியுங்கள். மொத்தமாகக் கண்டால் மலைபோல் தோன்றும் தொகையில் எது உண்மையான செலவு, எது திரும்ப வரும் அத்தாட்சிப் பணம், எது உபகாரச் சம்பளத்தால் ஈடாவது என்பன பிரிந்து தெரியும். கடன் வாங்க நேர்ந்தாலும் வேண்டிய அளவுக்குமேல் வாங்காமல் தப்பலாம். அத்தாளை இன்றிரவே எழுதத் தொடங்கலாம்.