வெட்டி ஒட்டுகிறவர்களும் வெட்டி எறிகிற சட்டமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"எதை வேணும்னாலும் பேசுங்க, சட்டம் மட்டும் வேண்டாம்" என்றார் நம் செயலாளர். வக்கீலைக் கூப்பிட்டுவிட்டுச் சட்டம் வேண்டாம் என்றால் எப்படி? ஆகவே பாதி சினிமா, பாதி சட்டம் என்று சமரசம் செய்துகொண்டு வந்திருக்கிறேன். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவேன், பயப்பட வேண்டாம்.

1978ஆம் ஆண்டு. நம் விடுதியின் பதினான்காம் எண் அறை. டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டரிடம் கெஞ்சி வாங்கிய பிலிம் துண்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய எங்களிடம் இருந்தன. ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றினால் லென்ஸ். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பினால் விளக்கு. நாலு முழ வேட்டிதான் திரை. ஒருவன் துண்டுகளை மாற்றுவான், இன்னொருவன் பாடுவான். எந்தப் படத்திலும் ஜோடி சேராத நாயகனையும் நாயகியையும் அந்த வேட்டியில் நாங்கள் சேர்த்து வைத்தோம்! யாரும் எங்களுக்கு நோட்டீஸ் அனுப்பவில்லை. வார்டன் மட்டும் வந்தார்.

இது நம் ஊர்ப் பையன்களின் விளையாட்டு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, 1975லேயே அமெரிக்காவில் கேண்டி ஃபாங் என்ற பெண்மணி 'ஸ்டார் டிரெக்' தொடரின் படங்களை ஸ்லைடுகளாக அடுக்கி, ஒரு பாட்டுக்கு ஏற்றபடி மாற்றி மாற்றி ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அடுத்து வி.சி.ஆர். வந்தது. இரண்டு வி.சி.ஆர்.களை இணைத்து, காட்சி காட்சியாகப் பதிவு செய்து, மூன்று நிமிடப் படத்துக்காக ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்தார்கள். இப்படி உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இதற்கு அங்கே 'விட்' என்று பெயர். யாரும் காசு வாங்கவில்லை. மூலக்கதையில் ஓரமாக நின்ற ஒரு பெண் பாத்திரத்தை நடுவில் கொண்டுவந்து, "இவள் பக்கத்துக் கதையையும் பாருங்கள்" என்று சொல்வதுதான் அவர்கள் நோக்கம். நாம் கட்டுரையில் செய்யும் விமர்சனத்தை அவர்கள் படத்தையே வெட்டி ஒட்டிச் செய்தார்கள்.

கணினியும் இணையமும் வந்தபோது, வீட்டுக் கூடத்தில் நடந்தது உலகத்துக்கே தெரிந்தது. சட்டமும் கூடவே வந்தது.

அமெரிக்காவில் 1998இல் டி.எம்.சி.ஏ. என்ற சட்டம் வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, உரிமையாளர் ஒரு நோட்டீஸ் அனுப்பினால் இணையதளம் அந்தப் படத்தை உடனே எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் தளத்துக்குப் பொறுப்பில்லை. எடுக்காவிட்டால் தளமும் வழக்கில் மாட்டிக்கொள்ளும். எந்தத் தளம் யோசித்துக்கொண்டு நிற்கும்? இரண்டாவது, டிவிடியில் போட்ட பூட்டைத் திறப்பதே தனி மீறல். காசு கொடுத்து வாங்கிய டிவிடியில் பத்து விநாடி எடுக்கவும் வழியில்லை. ரசிகர் அமைப்புகள் வாதாடி, லாப நோக்கமில்லாமல் விமர்சனத்துக்காகச் சிறு பகுதி எடுப்பவர்களுக்கு 2010இல் விலக்கு வாங்கினார்கள். அதையும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போய்க் கேட்டுப் புதுப்பிக்க வேண்டும்.

2005 நவம்பரில் ஓர் இசைத்தட்டு நிறுவனம், ஜப்பானிய அனிமே ரசிகர்களின் வீடியோ தளத்துக்கு எழுதியது. தன் மூன்று இசைக்குழுக்களின் பாட்டு இருக்கும் வீடியோக்கள் எல்லாம் நீங்க வேண்டுமாம். ஆயிரக்கணக்கான படங்கள் போயின. 2007இல் ஒரு தாய், தன் குழந்தை சமையலறையில் ஆடுவதை 29 விநாடி எடுத்துப் போட்டார். பின்னால் ரேடியோ மாதிரி ஒரு பாட்டு கேட்டது, அவ்வளவுதான். அதற்கும் நோட்டீஸ்! அந்த அம்மாள் விடவில்லை. நோட்டீஸ் அனுப்புமுன் நியாயமான பயன்பாடா என்று யோசித்தே ஆக வேண்டும் என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 29 விநாடிக்கு எட்டு வருஷம்!

இன்னும் இறுக்கப் பார்த்தார்கள். 2011இல் வந்த சோபா மசோதாவில், அனுமதியில்லாமல் இணையத்தில் ஓடவிடுவதை 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கும் பிரிவு இருந்தது. 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா கதவடைத்தது. இரண்டே நாளில் மசோதாவை ஒதுக்கி வைத்தார்கள். 2020இல் வேறொரு சட்டம் வந்தபோது, வியாபாரமாக நடத்துபவர்களை மட்டும் குறிவைத்து எழுதினார்கள். ஐரோப்பாவில் 2019இல் வந்த விதி, தளங்களே முன்கூட்டித் தடுக்க முயல வேண்டும் என்கிறது. கோடிக்கணக்கான வீடியோவை மனிதனா பார்ப்பான்? எந்திரம்தான் பார்க்கும். எந்திரத்துக்கு "இது அந்தப் படம்" என்று தெரியும், "எதற்காக எடுத்தான்" என்று தெரியாது. ஜெர்மனி தன் சட்டத்தில் ஒரு ஜன்னல் திறந்து வைத்தது. லாப நோக்கமின்றி 15 விநாடிக்குள் எடுத்துக் கையாண்டால் எந்திரம் தானாகத் தடுக்கக் கூடாது என்று.

"அமெரிக்கக் கதை நமக்கெதற்கு சார்?" என்று பின்வரிசைத் தம்பிகள் முணுமுணுப்பது கேட்கிறது. நீங்கள் படம் ஏற்றும் பெரிய தளங்கள் பலவும் அமெரிக்கத் தளங்கள்தான் தம்பி.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். நான் சில படத் தயாரிப்பாளர்களுக்கு வக்கீல். வெளியான அன்றே முழுப் படமும் திருட்டுத்தனமாக இணையத்தில் வந்து, வட்டிக்கு வாங்கிய தயாரிப்பாளர் என் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவன். திருட்டு திருட்டுதான். அந்த வேகத்தில் ஒருமுறை 412 இணைப்புகள் கொண்ட பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு கடிதம். "ஐயா, நான் உங்கள் கல்லூரிதான். சங்க மலரில் உங்கள் பெயரைப் பார்த்திருக்கிறேன்" என்று தொடங்கியது. பழைய படங்களில் அம்மா வேடத்தில் வந்தவர்களை மட்டும் கோத்து நாலு நிமிடம் செய்திருக்கிறான் அந்த மாணவன். மூன்று மாத வேலை. அதோடு மூன்றாவது நோட்டீஸ் ஆகிவிட்டதால் அவன் கணக்கையே தளம் மூடிவிட்டது. மறுப்புத் தெரிவிக்கலாம். ஆனால் அந்தப் படிவத்தில் முழுப் பெயரும் முகவரியும் எழுதி, அமெரிக்க நீதிமன்றத்துக்கு உட்படுகிறேன் என்று சம்மதம் கொடுக்க வேண்டும். அவன் அப்பா, "கோர்ட்டு கீர்ட்டுன்னு நமக்கு வேணாம்ப்பா, விட்டுடு" என்றாராம்.

அன்று இரவு அந்த நாலு நிமிடத்தையும் பார்த்தேன். கடைசியில் மூலப் படங்களின் பெயர் எல்லாம் வரிசையாகப் போட்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டு ஒருவன் மூலப் படத்தைத் தேடிப் போவானே தவிர, பார்க்காமல் இருக்க மாட்டான். மறுநாளே நோட்டீசைத் திரும்பப் பெற்றேன். கணக்கு திரும்பி வந்தது. பையன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவன் ஒரு படமும் ஏற்றவில்லை.

எந்த நீதிபதியும் அவனைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அவன் கை நின்றுபோனதற்குப் பயம் ஒன்றே போதுமாக இருந்தது. ரசிகர் கூட்டங்கள் இப்படித்தான் ஒவ்வொருவராக ஓய்ந்துபோகும். வழக்குப் பதிவேட்டில் இது வரவே வராது.

நம் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் ஓரளவு நிதானமானது. புகார் சொன்னவர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் மறுபடி காட்டலாம். விமர்சனத்துக்கு இடமும் உண்டு. ஆனால் ரசிகனின் வெட்டு ஒட்டு விமர்சனம்தானா என்று சட்டம் வாய் திறந்து சொல்லவில்லை. இனி திருத்தம் வரும்போது அதைச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தம்பி தங்கைகளே, முழுப் படத்தை ஏற்றாதீர்கள். எடுத்த இடத்தைச் சொல்லுங்கள். காசு பார்க்காதீர்கள். அப்புறமும் நோட்டீஸ் வந்தால் பயந்து அழிப்பதற்கு முன் ஒரு வக்கீலைக் கேளுங்கள். என் முகவரி இந்த மலரின் பின்பக்கத்தில் இருக்கிறது. நம் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. திரைத்துறையிலும் சட்டத்துறையிலும் இருக்கும் நண்பர்களே, கையெழுத்துப் போடுமுன் திறந்து பாருங்கள். நாலு நிமிடம்தான். நான் பார்க்கத் தவறியதும் அந்த நாலு நிமிடத்தைத்தான்.