பேரணி போதும், தம்ளர் எங்கே?



ஆடிப்பெருக்கு வருகிறது. கூடவே நம் உப்பிலியபுரத்துச் சேவைச் சங்கங்களின் விழிப்புணர்வுப் பேரணியும் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நடக்கவிட்டு, 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று ஃபிளெக்ஸ் பேனர் பிடிக்க வைப்போம். அந்த பேனரே பிளாஸ்டிக்! முடிவில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாக்கெட், சிறப்பு விருந்தினருக்குப் பாலித்தீன் உறையோடு பொன்னாடை. மறுநாள் பேப்பரில் போட்டோ. கோபப்படாதீர்கள். இங்கே இன்னும் விழிப்பு வராதவர் யார்?

தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதில் அடக்கம். 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டுகிறவர் மூன்று வேலைநாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும், குப்பையைத் தரம் பிரித்துத் தர வேண்டும் என்று 2016-லேயே திடக்கழிவு விதிகள் எழுதிவிட்டார்கள். இதெல்லாம் தெரியாமலா அன்னதானப் பந்தியில் பேப்பர் கப்பை அடுக்குகிறோம்? தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் வேறு தம்ளர் இல்லை. அதுதான் சங்கதி!

புளியஞ்சோலைக்குப் போய்ப் பாருங்கள். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவியாக விழுந்த ஐயாறு மலையிறங்கி வரும் இடம். ஆடி பதினெட்டுக்கு வேன் வேனாக வந்து குளிக்கிறோம், பாறைமேல் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கிறோம். கிளம்பிய பிறகு பாறை இடுக்கில் என்ன கிடக்கிறது? ஷாம்பு பாக்கெட், புளிசாதம் ஒட்டிய கேரி பேக், பேப்பர் கப். அது வெறும் பேப்பர் இல்லை, ஐயா. ஊறவைத்துக் கிழித்துப் பாருங்கள், உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரிந்து வரும். மாட்டுக்கும் ஆகாது, மண்ணுக்கும் ஆகாது. அதைவிடக் கொடுமை, வாழையிலை போலவே பச்சையாக அச்சடித்த பேப்பர் இலை! தொட்டியமும் முசிறியும் லாரி லாரியாக வாழை அனுப்புகிற மாவட்டத்தில், இலையின் படத்தில் சோறு போட்டுச் சாப்பிடுகிறோமே, வெட்கமாக இல்லை?

மாற்று, எவர்சில்வர் தம்ளரும் தட்டும்தான். ஆனால், 'எவர்சில்வரை யார் கழுவுவது? காணாமல் போகுமே?' என்பார்கள். கேரளத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டியையே, தூக்கியெறியும் பொருள்களைத் தவிர்க்கும் பசுமை நெறிமுறை வைத்து நடத்தினார்கள். லட்சக்கணக்கில் பெண்கள் கூடும் ஆற்றுக்கால் பொங்கலுக்கும் அதே ஒழுங்கு. நம் ஊர்ப் பந்திக்கு முடியாதா? கழுவ ஆள் போட்டுக் கூலி கொடுங்கள், பேனர் காசை அதற்குத் திருப்புங்கள். காணாமல் போகாதிருக்க முன்பணம் வாங்குங்கள்.

பெயர் வரவேண்டும் என்ற ஆசையா? தாராளமாக வரட்டும்! சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கிற ஊர்க்காரர்கள்தானே நாம்? தம்ளரில் சங்கத்தின் பெயரை வெட்டுங்கள். பேனருக்கு ஆயுள் ஒரு நாள். தம்ளரில் வெட்டிய பெயர் தலைமுறைக்கும் பந்தியில் கைமாறும்.

அரிமா சங்கத்தின் உலக இலக்குகளில் சுற்றுச்சூழல் ஒன்று. ரோட்டரி 2020-இல் அதைத் தன் ஏழாவது சேவைத் துறையாகச் சேர்த்தது. நல்லது. ஆனால் விழா முடிந்ததும் கையுறை மாட்டி நாலு பேர் போட்டோவுக்குக் குனிவதும், மீதிக் குப்பை மலையைத் தூய்மைப் பணியாளர்கள் அள்ளுவதும் எந்த ஊர்ச் சேவை?

ஆகவே, இந்த மேடையிலேயே தீர்மானம் போடுங்கள். சங்கத்துக்கு ஆயிரம் தம்ளர், ஐந்நூறு தட்டு. கேட்கிற கோயிலுக்கும் அன்னதானக் குழுவுக்கும் வாடகையில்லை. அதன் பிறகும் பேப்பர் கப் வைக்கிற பந்தியில், அது அமைச்சர் வீட்டு விசேஷமே ஆனாலும், சங்கத்துக்காரர் எவரும் கை நனைப்பதில்லை. சம்மதமென்றால் கை தூக்குங்கள். மேடையில் இருப்பவர்கள் முதலில்!